ஸ்மோக் ஜம்பர் விமானம் ஓட்ட என்ன தகுதி வேண்டும்?

கேள்வி: வணக்கம் அண்ணா. வயது 26. ஐடாஹோ மாநிலம் பாய்சியில் மென்பொருள் வேலை. கிரீன் கார்டு இருக்கிறது, இன்னும் ஒன்றரை வருடத்தில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். பிரைவேட் பைலட் லைசென்ஸ் வாங்கிவிட்டேன், லாக்புக்கில் 180 மணி நேரம் இருக்கிறது. போன கோடையில் மெக்கால் போயிருந்தபோது காட்டுத்தீயை அணைக்கப் பாராசூட்டில் குதிக்கும் ஸ்மோக் ஜம்பர்களை ஏற்றிக்கொண்டு ஒரு ட்வின் ஆட்டர் விமானம் கிளம்பியதைப் பார்த்தேன். அன்றிலிருந்து அதே நினைப்புதான். கமர்ஷியல் லைசென்ஸ் எடுத்தால் போதுமா? நானும் குதித்துப் பழக வேண்டுமா? முதலில் ஏர்லைனில் சேர்ந்து மணி நேரம் சேர்த்துக்கொண்டு வரலாமா? கண்ணாடி போடுகிறேன், அது தடையா? கோவையில் என் சித்தப்பா மகன் சிபிஎல் (கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்) முடிக்கப் போகிறான், அவனும் இந்தப் பக்கம் வர முடியுமா?

பதில்:

தம்பி, முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கமர்ஷியல் லைசென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு ஸ்மோக் ஜம்பர் விமானத்தின் இடது இருக்கையில், அதாவது கேப்டன் இடத்தில், உட்கார முடியாது. அதோடு கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் வேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட என்ஜின் உள்ள விமானத்துக்கான மல்டி என்ஜின் ரேட்டிங் வேண்டும், அப்புறம் ஆயிரத்துச் சொச்சம் மணி நேரப் பறத்தல் வேண்டும். அந்த மணி நேரத்தை எங்கே, எப்படிச் சேர்த்தீர்கள் என்பதுதான் பெரிய கேள்வி. இந்த வேலைக்கு ஆசைப்பட்டு என்னிடம் மலைப் பறத்தல் கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பலர் எண்ணிக்கையைத்தான் துரத்துகிறார்கள். ஆள் எடுப்பவர்கள் கூட்டுத்தொகையை ஒரு பார்வை பார்ப்பார்கள், உடனே உள்ளே புரட்டுவார்கள்: எந்த மலையில் பறந்தாய், தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில், எவ்வளவு சுமையோடு, என்ன வெயிலில்.

ஏன் அப்படி என்று புரிய வேண்டுமானால் அந்த விமானத்துக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். தீக்காலத்தில் சில வருடங்கள் வலது இருக்கையிலும் அப்புறம் இடது இருக்கையிலும் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். சைரன் அடித்தால் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் சக்கரம் ஓடுபாதையை விட்டு எழும்ப வேண்டும். நீங்கள் பார்த்த ட்வின் ஆட்டரில் எட்டு ஜம்பர்கள், அவர்களை வழிநடத்தும் ஸ்பாட்டர், பெட்டி பெட்டியாகச் சாமான். மெக்கால் விமான நிலையமே 5000 அடி உயரத்தில் இருக்கிறது. 30 டிகிரி வெயில் அடிக்கிற மதியத்தில் அங்கே இருக்கும் காற்றின் அடர்த்தி 8000 அடியில் இருக்கிற அடர்த்திதான். வெஸ்ட் யெல்லோஸ்டோனில் அதே வெயிலுக்கு அது 10,000 அடியைத் தொட்டுவிடும். இறக்கைக்கும் காற்று போதாது, என்ஜினுக்கும் போதாது, ஓடுபாதையோ இருக்கிற நீளம்தான்.

இங்கேதான் கணக்கு ஆரம்பிக்கிறது. 100 காலன் எரிபொருள் 670 பவுண்டு எடை, ட்வின் ஆட்டருக்கு அது ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு வரும். கவசம், பாராசூட் எல்லாம் மாட்டிய ஒரு ஜம்பர் ஏறத்தாழ 250 பவுண்டு. ஆக ஒரு மணி நேரம் கூடுதலாகத் தீக்கு மேல் சுற்ற ஆசைப்பட்டால் இரண்டரை ஆளைக் கீழே இறக்கிவிட வேண்டும். எரிபொருளைக் குறைத்து எட்டுப் பேரையும் ஏற்றினால், அங்கே போய்க் காற்று சரியில்லை என்று காத்திருக்க நேரம் இருக்காது. இதைக் கணினி சொல்லும், அட்டவணை சொல்லும், ஆனாலும் கையெழுத்துப் போடுவது நீங்கள்தான், அதுவும் எல்லோரும் உடுப்பு மாட்டிக்கொண்டு விமானத்தைப் பார்த்து நடந்துவரும்போது.

தீக்குப் போய்ச் சேர்ந்தால் வானத்தில் நீங்கள் மட்டும் இருக்க மாட்டீர்கள். தீயணைப்பு மருந்து கொட்டும் டேங்கர்கள், தண்ணீர் வாளியோடு ஹெலிகாப்டர்கள், இவற்றையெல்லாம் மேலிருந்து ஒழுங்குபடுத்தும் ஏர் அட்டாக் விமானம் எல்லாம் அங்கே இருக்கும். தீயிலிருந்து 12 கடல் மைல் தூரத்திலேயே அழைத்துப் பேச வேண்டும், பதில் வராவிட்டால் 7 மைல் வளையத்துக்குள் நுழையக் கூடாது. ஒரே நேரத்தில் மூன்று, நான்கு ரேடியோவில் குரல் கேட்கும், எது உங்களுக்கு என்று பிரித்தெடுக்க வேண்டும்.

அனுமதி கிடைத்ததும் முதலில் ஒரு சுற்று தாழப் போய்ப் பார்ப்பீர்கள். எங்கே மரம் பட்டுப்போய் நிற்கிறது, எங்கே பாறை, எங்கே புல்வெளி என்று ஸ்பாட்டர் கதவோரம் படுத்துப் பார்ப்பார். அப்புறம் இறங்க வேண்டிய இடத்துக்கு நேர் மேலே வந்ததும் எடை கட்டிய நீளமான காகித நாடாக்களை வெளியே விடுவார். கண்ணைப் பறிக்கிற நிறத்தில் இருக்கும் அந்த ஸ்ட்ரீமர்கள் ஆடி ஆடி இறங்கிக் குறியிலிருந்து 300 கஜம் கிழக்கே விழுகிறது என்றால், ஆட்களை 300 கஜம் மேற்கே தள்ளி விட வேண்டும் என்று அர்த்தம். இப்போது விமானத்தைக் காற்றுக்கு எதிராக நேர்கோட்டில் கொண்டுவர வேண்டும். ட்வின் ஆட்டரில் வேகம் 100 நாட்டிகல் மைலுக்குள் (ஒரு மணி நேரத்துக்கு), உயரம் வட்டப் பாராசூட் என்றால் தரைக்கு மேல் 1500 அடி, சதுரப் பாராசூட் என்றால் 3000 அடி. ஹெட்செட்டில் ஸ்பாட்டரின் குரல் வரும்: "ஐந்து டிகிரி வலது... நேராகப் போ... அப்படியே." நீங்கள் இறக்கையைச் சாய்க்காமல், காலால் மெதுவாகத் திருப்பி அந்த ஐந்து டிகிரியைக் கொடுக்க வேண்டும். இரண்டு பேர் அடுத்தடுத்து வெளியே போவார்கள், வால் பக்கம் எடை குறைவது உங்கள் கையில் தெரியும், விமானத்தைச் சமநிலையில் வைக்கும் ட்ரிம்மைச் சரிசெய்துகொண்டே அடுத்த சுற்றுக்குத் திரும்புவீர்கள். இப்படி நான்கு முறை.

ஆட்கள் இறங்கிய பிறகு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். என்னைக் கேட்டால் அதற்கப்புறம்தான் விமானிக்கு நிஜமான சோதனை. மரம் அறுக்கும் ரம்பம், தண்ணீர், சாப்பாடு, கைக்கருவிகள் எல்லாவற்றையும் பாராசூட் கட்டிப் போட வேண்டும், அதற்கு மரத்தின் உச்சிக்கு மேல் 150, 200 அடி வரை இறங்க வேண்டும். மலைச்சரிவில் அந்த உயரத்தில், மெதுவாக, என்ஜின் ஒன்று படுத்தால் எந்தப் பக்கம் திரும்பித் தப்பிப்பது என்று ஒவ்வொரு சுற்றுக்கும் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும். திரும்பும்போது 45 டிகிரி சாய்த்தால் ஸ்டால் வேகம், அதாவது அதற்குக் கீழே போனால் இறக்கை தாங்காத வேகம், 19 சதவீதம் கூடுகிறது, 60 டிகிரி சாய்த்தால் 41 சதவீதம். பள்ளத்தாக்கு குறுகலாக இருக்கிறதே என்று பதறி இன்னும் கொஞ்சம் சாய்க்கிற கைதான் இந்த வேலையில் ஆளைக் கொன்றிருக்கிறது.

இப்போது எண்களுக்கு வருவோம். உங்களுக்கு 180 மணி இருக்கிறது. சாதாரணமாக பார்ட் 61 என்ற விமானி உரிம விதிகளின் வழியில் கமர்ஷியலுக்கு 250 மணி வேண்டும். அதற்கு முன்னால் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கை முடித்துவிடுங்கள், அதற்கு 40 மணி இன்ஸ்ட்ருமென்ட் நேரம். அது இல்லாமல் கமர்ஷியல் எடுத்தால் காசு வாங்கிக்கொண்டு பயணிகளை ராத்திரியிலோ 50 கடல் மைலுக்கு மேலோ ஏற்றிச்செல்ல முடியாது என்று லைசென்ஸிலேயே அச்சடித்துக் கொடுப்பார்கள். மல்டி என்ஜினுக்குக் குறைந்தபட்ச மணி நேரம் என்று எதுவும் கிடையாது, சோதனையில் தேறினால் போதும், ஆனால் பின்னால் மல்டி என்ஜின் நேரம்தான் காசு கொடுத்தாலும் கிடைக்காத சரக்காக இருக்கும், அதனால் இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங் எடுக்கும்போது மல்டி என்ஜின் இன்ஸ்ட்ரக்டரையும் சேர்த்து எடுங்கள். இன்னொன்று, நீங்கள் இன்னும் குடிமகன் ஆகவில்லை என்பதால் இன்ஸ்ட்ருமென்டுக்கும் மல்டி என்ஜினுக்கும் டிஎஸ்ஏ (போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம்) அனுமதி தேவை. பிரைவேட் லைசென்ஸுக்கு வாங்கியிருப்பீர்களே, அதே நடைமுறைதான்.

ஜம்பர்களை வைத்திருக்கும் அரசுத் துறையான அமெரிக்க வன சேவையின் ஒப்பந்தங்களில் கேப்டனுக்குப் பொதுவாகக் கேட்கிற குறைந்தபட்சம் மொத்தம் 1500 மணி, அதில் 1200 பைலட் இன் கமாண்டாக, அதாவது விமானத்துக்கு நீங்களே பொறுப்பாக இருந்து பறந்தது. அதற்குள் இரட்டை என்ஜின் நேரம் எவ்வளவு, இரவு நேரம் எவ்வளவு, குறிப்பிட்ட மாடலில் எவ்வளவு, கடைசி 12 மாதத்தில் எவ்வளவு, மலைப்பகுதியில் தாழப் பறந்தது எவ்வளவு என்று தனித்தனியாகப் பிரித்துக் கேட்பார்கள். விமானத்துக்கு விமானம், ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் இது மாறும், அதனால் அந்தந்த வருடத்து ஒப்பந்தத் தாளை எடுத்து வரிவரியாகப் படியுங்கள், பொது ஆவணம்தான், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மலை நேரத்தை எல்லோரும் பின்னால் நினைவிலிருந்து குத்துமதிப்பாகப் போடப் பார்ப்பார்கள், இன்ஸ்பெக்டர் எதிரே உட்கார்ந்து துருவும்போது திணறுவார்கள். நீங்கள் இன்றைக்கே லாக்புக்கில் இரண்டு கட்டம் கூடுதலாகப் போட்டு, எந்த ஓடுபாதை, என்ன உயரம், என்ன வெப்பநிலை, ஏறத்தாழ என்ன எடை என்று எழுதிவையுங்கள்.

விமானங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ட்வின் ஆட்டரின் உச்ச எடை 12,500 பவுண்டு, அதனால் அந்த மாடலுக்கென்றே தனியாக வாங்க வேண்டிய டைப் ரேட்டிங் தேவையில்லை. அதற்கு மேலே போகிற ஷெர்பா, காசா 212, டேஷ் 8 எல்லாவற்றுக்கும் டைப் ரேட்டிங் வேண்டும். ஷெர்பாக்கள் அமெரிக்கத் தரைப்படையில் இருந்தவை. 2014-க்கான பாதுகாப்புச் செலவுச் சட்டத்தின் கீழ் 15 விமானங்கள் வன சேவைக்கு மாற்றப்பட்டன. மான்டனாவின் மிசூலாவில் பல பத்தாண்டு ஓடிய டிசி-3-ஐ 2015-ல் ஓய்வுக்கு அனுப்பினார்கள். இந்த டைப் ரேட்டிங்கை உங்கள் சொந்தக் காசில் முன்கூட்டியே எடுக்க வேண்டாம். வேலைக்கு எடுக்கிற இடம் கொடுக்கும், அல்லது கோ-பைலட்டாக உட்கார்ந்து பழகுவீர்கள். உங்கள் காசை மலைப் பயிற்சிக்கும் டர்பைன் அனுபவத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள், கமர்ஷியல் வரைக்குமான செலவே சும்மா இல்லை.

ஏர்லைன் கேள்வி. இதில் எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு: இந்த வேலைதான் வேண்டுமென்றால் அந்தச் சுற்றுவழி வேண்டாம். ஏர்லைன் நல்ல பள்ளிக்கூடம்தான், இன்ஸ்ட்ருமென்ட் ஒழுங்கும் இருவர் சேர்ந்து வேலை செய்கிற பழக்கமும் அங்கே படிவதுபோல வேறெங்கும் படியாது. ஆனால் 35,000 அடியில் ஆட்டோபைலட் ஓட்டிய ஆயிரம் மணி, உங்கள் லாக்புக்கின் மலைக் கட்டத்தில் ஒரு மணியைக்கூடக் கூட்டாது. அதைவிட, நீங்கள் இருக்கிற ஊரே உங்களுக்கு வரம். பாய்சியிலிருந்து ஒரு மணி நேரம் பறந்தால் அமெரிக்காவின் மிகக் கடினமான காட்டு ஓடுபாதைகள் இருக்கின்றன. ஜான்சன் க்ரீக் போங்கள், 4900 அடி உயரத்தில் 3400 அடி நீளப் புல்தரை. முதலில் நல்ல இன்ஸ்ட்ரக்டரோடு, அதிகாலையில், பாதி எரிபொருளோடு. மதியக் காற்றில் தனியாக அல்ல. மலைமுகட்டை நேராகக் கடக்காமல் 45 டிகிரியில் கடந்து எப்போதும் திரும்பிவர வழி வைத்துக்கொள்வது, பள்ளத்தாக்கில் நடுவே போகாமல் ஓரம் ஒட்டிப் போய்த் திரும்ப இடம் வைத்துக்கொள்வது, காற்று மறைவுப் பக்கம் கீழே அமுக்குவது எங்கே தொடங்கும் என்று மரத்தின் அசைவையும் மேகத்தையும் பார்த்துச் சொல்வது எல்லாம் இங்கே உடம்பில் ஏற வேண்டும்.

அதற்குப் பிறகு நான் சொல்கிற பாதை இது. முதலில் மலை மாநிலத்திலேயே இன்ஸ்ட்ரக்டர் வேலை. மற்றவனுக்குச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் நம் கை எவ்வளவு தெளிவில்லாமல் இருக்கிறது என்று தெரியும். அடுத்தது பார்ட் 135, அதாவது சின்ன வாடகை விமான நிறுவனங்களின் வேலை. 500 மணியில் விஎஃப்ஆர் (கண்ணால் பார்த்துப் பறக்கும்) கேப்டன் ஆகலாம், ஐஎஃப்ஆர் (கருவிகளைப் பார்த்துப் பறக்கும்) கேப்டனுக்கு 1200 மணி, அதில் 500 கிராஸ் கன்ட்ரி (ஊர்விட்டு ஊர் பறந்தது), 100 இரவு, 75 இன்ஸ்ட்ருமென்ட். ஐடாஹோவின் காட்டுப் பண்ணைகளுக்கும் ஆற்றோர முகாம்களுக்கும் ஆளையும் சாமானையும் ஏற்றிச்செல்லும் சின்ன நிறுவனங்கள், அலாஸ்காவின் கிராமச் சேவைகள், சரக்கு ஏற்றும் கேரவன் விமானம், இவற்றில் எது கிடைத்தாலும் போங்கள். ஸ்கைடைவிங் விமானம் ஓட்டினால் ஆள் குதிக்கும்போது விமானம் என்ன செய்யும் என்று தெரியும், அது நல்லதுதான், ஆனால் தட்டையான நிலத்துக்கு மேல் 12,000 அடியில் ஏறி இறங்குவதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். தீயணைப்புக்குள் நுழைய ரொம்பப் பேர் எடுக்கிற வழி ஏர் அட்டாக் விமானம் ஓட்டுவது. தீக்கு மேல் மணிக்கணக்கில் வட்டமிடும் வேலை, அங்கே ரேடியோவும் வானத்து ஒழுங்கும் பழகிவிடும். அடுத்து பெரிய ஜம்ப் விமானத்தில் கோ-பைலட் இடம்.

வேலை தருபவர்கள் இரண்டு வகை. ஒன்று வன சேவை, அதாவது நேரடி அரசு வேலை. யூஎஸ்ஏஜாப்ஸ் தளத்தில் 2181 என்ற விமானிப் பிரிவில் அறிவிப்பு வரும், குடியுரிமை கட்டாயம். மற்றது ஒப்பந்த நிறுவனங்கள், உதாரணத்துக்கு வயோமிங்கின் ஷெரிடனில் இருக்கும் பிக்ஹார்ன் ஏர்வேஸ் நில மேலாண்மைத் துறைக்கு ஜம்ப் விமானங்கள் ஓட்டியிருக்கிறது. கிரீன் கார்டோடு இரண்டாவது வகையைத் தட்டிப் பார்க்கலாம். எந்த வழியில் வந்தாலும் வேலை கிடைத்தவுடன் ஜம்பர்களை ஏற்றிவிட மாட்டார்கள். அரசின் பைலட் இன்ஸ்பெக்டர் உங்கள் ஆவணங்களைப் பார்த்து, கூடவே பறந்து பார்த்து ஒரு கார்டு தருவார், எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று அந்தக் கார்டில் எழுதியிருக்கும். ஜம்பர் வேலை என்று அதில் குறிப்பிடாமல் ஒருவரையும் கதவு வழியாக அனுப்ப முடியாது. அதற்குமுன் தரைப் பயிற்சி, அனுபவப்பட்ட கேப்டனோடு பயிற்சிக் குதிப்புகள், சாமான் போடும் பயிற்சி எல்லாம் உண்டு. கார்டைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

குதிக்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டியதில்லை. ஜம்பர் ஆக வருபவர்களுக்கு 110 பவுண்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு 3 மைலை 90 நிமிடத்தில் நடக்கும் சோதனை உண்டு, முன்னனுபவமும் வேண்டும், அது வேறு தொழில். முன்பு ஜம்பராக இருந்து விமானி ஆனவர்கள் உண்டு, அவர்களுக்கு ஒரு வசதி, கதவுக்கு அந்தப் பக்கம் என்ன வலி என்று தெரியும். நீங்கள் அதை வேறு வழியில் தெரிந்துகொள்ளலாம். எஸ்-190 என்ற தீயின் போக்கு பற்றிய அடிப்படைப் பாடம் இணையத்திலேயே கிடைக்கிறது, அடுத்து எஸ்-270 என்ற வான்பணி அடிப்படைப் பாடம். தீ எப்படி மேடேறும், காற்று திரும்பினால் தீயின் பக்கவாட்டு எப்படி அதன் முன்னணித் தலையாகும் என்று தெரியாத விமானி, ஸ்பாட்டர் ஏன் ஒரு இடத்தை வேண்டாம் என்கிறார் என்று புரியாமல் ஓட்டிக்கொண்டிருப்பார்.

இதெல்லாம் லாக்புக்கில் எழுதக்கூடியது. எழுத முடியாத ஒன்றும் இருக்கிறது, அதை வாய் வார்த்தையிலும் விசாரிப்பிலும்தான் அளப்பார்கள். 1940 ஜூலை 12 அன்று நெஸ் பெர்ஸ் காட்டில் ரூஃபஸ் ராபின்சனும் ஏர்ல் கூலியும் முதன்முதலாகத் தீக்குக் குதித்தார்கள். ஒன்பது வருடம் கழித்து 1949 ஆகஸ்ட் 5 அன்று மான்டனாவின் மான் கல்ச்சில் 15 பேர் சி-47 விமானத்திலிருந்து குதித்தார்கள். அன்று காற்று குலுக்கியதால் வழக்கத்தைவிட உயரத்திலிருந்து இறக்க வேண்டியதாயிற்று, சாமான்கள் பரந்து விழுந்தன, ரேடியோவின் பாராசூட் விரியாமல் அது நொறுங்கியது, பொறுக்கிச் சேர்க்கவே நேரம் போனது. அன்று மாலை தீ பள்ளத்தாக்கைத் தாண்டி வெடித்து 13 பேர் இறந்தார்கள். அந்தச் சாவுகளுக்கு விமானி காரணம் இல்லை, தீ அப்படித் திரும்பியது. ஆனால் மேலே ஒரு குலுக்கல் கீழே எப்படி அரை மணி, ஒரு மணி நேரமாக மாறுகிறது, வெளியுலகத்தோடு பேச்சே இல்லாமல் போகிறது என்று நான் ஒவ்வொரு புது விமானிக்கும் இதைச் சொல்வேன். ஸ்பாட்டருக்கும் விமானிக்கும் இருவருக்குமே வேண்டாம் என்று சொல்லும் உரிமை உண்டு, ஒருவர் சொன்னால் போதும். எட்டுப் பேர் கதவோரம் தயாராக நிற்கிறார்கள், தீ கண்ணுக்கு முன்னால் வளர்கிறது, தரையிலிருந்து ஆள் கேட்டுக் கேட்டுக் குரல் வருகிறது, அப்போது "காற்று சரியில்லை, திரும்புகிறோம்" என்று சொல்ல வேண்டும், சொல்லிவிட்டு இரவு நிம்மதியாகத் தூங்கவும் வேண்டும். நேர்காணலில் நீங்கள் திரும்பி வந்த பயணத்தைப் பற்றித்தான் நிச்சயம் கேட்பார்கள்.

வாழ்க்கையைப் பற்றியும் மறைக்காமல் சொல்கிறேன். ஒரு நாளில் அதிகபட்சம் 8 மணி நேரம் பறக்கலாம், பணிநேரம் 14 மணி, 14 நாளில் இரண்டு நாள் ஓய்வு கட்டாயம். சீசன் அலாஸ்காவில் முதலில் தொடங்கும், ஜூன், ஜூலையில் அங்கே உச்சம், அப்புறம் விமானமும் ஆட்களும் தெற்கே வருவார்கள். இன்றைக்கு பாய்சி, நாளைக்கு ரெட்மண்ட், அடுத்த வாரம் ரெடிங். கோடையில் கல்யாணம், காதுகுத்து, ஊர்த் திருவிழா எதற்கும் உங்களை எதிர்பார்க்க வேண்டாம் என்று வீட்டில் இப்போதே சொல்லிவிடுங்கள். ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்குக் குளிர்காலத்தில் வேறு வேலை தேட வேண்டும். மென்பொருள் சம்பளத்தோடு ஒப்பிட்டால் முதல் ஐந்தாறு வருடம் வருமானம் குறைவாகத்தான் இருக்கும், ஏர்லைன் கேப்டனின் சம்பளத்தையும் இது தொடாது. கையில் இருக்கிற வேலையை கமர்ஷியலும் இன்ஸ்ட்ரக்டரும் முடியும்வரை விடாதீர்கள். கடன் வாங்கிப் படிப்பதைவிட வார இறுதியில் மெதுவாகப் பறப்பது நல்லது, உங்களுக்கு வயது இருக்கிறது, குடியுரிமைக்கும் எப்படியும் காத்திருக்கத்தான் போகிறீர்கள்.

கண்ணாடி தடையே இல்லை. கமர்ஷியல் வேலைக்கு இரண்டாம் வகுப்பு மெடிக்கல், 12 மாதத்துக்கு ஒருமுறை. கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணிலும் 20/20 வந்தால் போதும், நிறம் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். ஆனால் ஒன்று, காசு செலவழிக்கிறதற்கு முன்னால் ஒருமுறை முதல் வகுப்பு மெடிக்கலையே எடுத்துப் பாருங்கள். ஏதாவது மருந்து, பழைய அறுவைச் சிகிச்சை, மூச்சுத்திணறல் என்று எதுவானாலும் இப்போதே தெரிந்துவிடும். உதிரிக் கண்ணாடி ஒன்றை எப்போதும் விமானப் பையில் வைத்திருங்கள், கதவு திறந்த விமானத்தில் கயிறு கட்டாத கண்ணாடி போடாதீர்கள்.

உங்கள் சித்தப்பா மகனுக்கு. இந்தியாவில் ஸ்மோக் ஜம்பர் என்ற வேலை கிடையாது. காட்டுத்தீக்கு விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டர்கள்தான் வாளியில் தண்ணீர் அள்ளிக்கொண்டு வருகின்றன, 2024 மார்ச்சில் குன்னூர்த் தீக்குச் சூலூரிலிருந்து போனதும் அவைதான். தீயணைப்புப் பறத்தல்தான் வேண்டுமென்றால் அங்கே வழி விமானப்படை வழியாகத்தான். அமெரிக்கா வருவதென்றால், இந்திய சிபிஎல்லைக் காட்டினால் இங்குள்ள விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ பிரைவேட் லைசென்ஸ் மட்டும்தான் அதன் பேரில் கொடுக்கும். கமர்ஷியலுக்கு இங்கே எழுத்துத் தேர்வும் செக் ரைடும் (பறந்து காட்டும் தேர்வு) புதிதாகச் செய்ய வேண்டும். அங்கே பறந்த 200 மணி வீணாகாது, அப்படியே கணக்கில் சேரும். தடை லைசென்ஸில் இல்லை, வேலை செய்யும் உரிமையில்தான் இருக்கிறது. அரசு வேலைக்குக் குடியுரிமை வேண்டும், ஒப்பந்த நிறுவனங்கள் ஏற்கெனவே இங்கே வேலை செய்யும் உரிமை உள்ளவர்களைத்தான் எடுக்கும், இதற்காக விசா போட்டுக் கூப்பிடுவார்கள் என்று நம்பி அவன் கடன் வாங்கிக் கிளம்பக் கூடாது. உறவு வழியிலோ வேறு வழியிலோ அந்த உரிமை பிறகு கிடைக்கும் என்றால் அப்போது யோசிக்கலாம். அதுவரை அவன் செய்ய வேண்டியது, பயிற்சி நிலையம் மூடிப்போனாலும் கையில் இருக்கும்படி லாக்புக்கின் ஒவ்வொரு பக்கத்துக்கும் இன்ஸ்ட்ரக்டர் கையெழுத்தும் நிலையத்தின் முத்திரையும் இப்போதே வாங்கி, ஸ்கேன் செய்து பத்திரப்படுத்தி வைப்பதுதான்.